கடைசித் தொண்ணூறு மீட்டர்

சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ ரஜுலா கப்பலில் ஏறி, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கி, அங்கிருந்து ரயிலும் லாரியுமாக மலாக்காத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த நம் முன்னோர்களுக்கு, வங்காள விரிகுடாவைக் கடப்பதற்கு மட்டும் ஏறக்குறைய ஒரு வாரம் பிடித்தது. அதே கடலை இன்று ஒரு செய்தி வினாடியின் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் கடந்துவிடுகிறதென்றால், மலாக்காக் கரையிலும் சென்னைக் கரையிலும் ஏறி இறங்கும் சீ-மீ-வீ 4 என்னும் கடலடிக் கேபிள் அதற்கு ஒரு முக்கிய காரணம். 2005ஆம் ஆண்டு டிசம்பரில் பணிக்கு வந்த அந்தக் கேபிள் சிங்கப்பூரில் தொடங்கிப் பிரான்ஸ் தேசத்து மார்சேய் நகரம் வரையில் சுமார் 18,800 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. 2008 ஜனவரி 30ஆம் தேதி எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு அருகே அதுவும் இன்னொரு கேபிளும் அறுந்துபோனபோது, இந்தியா முதல் அரபு நாடுகள் வரை இணையம் தள்ளாடியதை உலகப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. கடலடியில் கிடப்பது நம் கண்ணுக்குத் தெரியாதே தவிர, அதைக் கவனிப்பாரற்றது என்று சொல்ல முடியாது. அதற்கென்று பழுது பார்க்கும் கப்பல்கள் உண்டு, அறுந்த இடத்தைக் கரையிலிருந்தே அளந்து சொல்லும் கருவிகள் உண்டு, பல தேசத்து ஸ்தாபனங்கள் கூடிக் கையெழுத்திட்ட ஒப்பந்தங்கள் உண்டு.

அப்படி வந்த செய்திக்கு இன்னும் ஒரு சிறு பயணம் பாக்கி இருக்கிறது. மலாக்கா ராயாவில் மூன்றாவது மாடியிலுள்ள ஒரு கணக்காளரின் மேசைக்கோ, ஆயர் குரோவில் ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பு முகப்புக்கோ, பத்து பிரெண்டாம் வர்த்தக வட்டாரத்துத் தொழிற்சாலையின் கிடங்குக்கோ அது போய்ச் சேர வேண்டுமானால், கண்ணாடி இழையை விட்டு இறங்கிச் செம்புக் கம்பியில் ஏறி, கூரைக்கும் சீலிங் பலகைக்கும் நடுவே, எலியும் பல்லியும் தூசியும் குளிர்சாதனக் குழாயில் வடியும் நீரும் நிறைந்த இருட்டுக்குள் போக வேண்டும். இந்தப் பகுதிக்குச் சர்வதேச விதிமுறைகள் வகுத்துள்ள உச்ச நீளம் 90 மீட்டர். இரு முனைகளிலும் செருகும் சிறு கேபிள்களுக்கு மேலும் 10 மீட்டர். ஆயிரக்கணக்கான மைல்களை இடறாமல் தாண்டி வந்த செய்தி அநேகமாகக் கால் தடுக்குவது இந்த 100 மீட்டருக்குள்தான் என்று அத்தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள். அப்படித் தடுக்கும்போது பத்திரிகையில் வராது. "லைன் சரியில்லை" என்று ஒருவர் சலித்துக்கொள்வதோடு விஷயம் முடிந்துவிடும்.

ஒரு கட்டடத்தைக் கட்டி முடித்துத் திறப்பு விழா நடத்துவதில் நமக்குள்ள உற்சாகம், கட்டியதைக் காப்பதில் இருப்பதில்லை. இது மலாக்காவுக்கு மட்டும் உரிய குணமல்ல, தமிழருக்கு மட்டும் உரியதும் அல்ல. ஆயினும் இந்த மாநிலத்தில் நின்று இதைச் சிந்திப்பதற்கு விசேஷமான ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லுமுன், அந்த இருட்டுக்குள் என்ன இருக்கிறது என்று சற்று விஸ்தாரமாகப் பார்த்துவிடுவது நல்லது.

கேபிளின் மேலுறையை நீக்கினால் உள்ளே எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு நான்கு ஜோடிகளாக இருக்கின்றன. நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று ஒவ்வொரு நிறத்துக்கும், அந்நிறக் கோடு ஓடும் வெள்ளைக் கம்பி ஒன்று துணை. முறுக்கு என்பது இங்கே கட்டி வைப்பதற்கான உபாயமன்று. ஒரு ஜோடியின் இரு கம்பிகளிலும் ஒரே சமிக்ஞை எதிரெதிர் முகமாகச் செல்கிறது. பக்கத்திலுள்ள மின்விளக்கிலிருந்தும் மோட்டாரிலிருந்தும் வந்து விழும் இரைச்சலோ, இரண்டும் மாறி மாறி இடம் பெயர்ந்து நெருங்கிக் கிடப்பதால், இரண்டின் மீதும் ஏறக்குறையச் சமமாக விழுகிறது. மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது இரைச்சல் மறைந்து சமிக்ஞை மட்டும் நிற்கிறது. 1881ஆம் ஆண்டு அலெக்சாண்டர் கிரகாம் பெல் டெலிபோன் கம்பிகளுக்காகக் காப்புரிமை பெற்ற யுக்தி இது. நான்கு ஜோடிகளும் ஒரே அளவில் முறுக்கப்பட்டிருந்தால் ஒன்றின் பேச்சு மற்றொன்றில் கேட்கும் என்பதற்காக, ஒவ்வொரு ஜோடிக்கும் முறுக்கின் நெருக்கத்தைச் சற்றே வேறுபடுத்தியும் வைத்திருக்கிறார்கள். இத்தனை சூட்சுமத்தையும் முனையில் கம்பியைப் பொருத்துகிற கை, அரை அங்குலத்துக்கு மேல் முறுக்கைப் பிரித்துவிட்டால் கெடுத்துவிட முடியும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தமான பிழை ஒன்று உண்டு. (பிழையில் என்ன பிரியம் என்று கேட்கலாம்; சில பிழைகளில்தான் ஒரு சாதனத்தின் அந்தரங்கம் வெளிப்படுகிறது.) எட்டுக் கம்பிகளையும் செருகும் முனையில் எட்டு இடங்கள் இருக்கின்றன. ஒழுங்கை விரும்பும் புதியவன் ஒருவன் முதல் ஜோடியை ஒன்றிலும் இரண்டிலும், அடுத்ததை மூன்றிலும் நான்கிலும், அதற்கடுத்ததை ஐந்திலும் ஆறிலும் என்று வரிசையாக வைத்துவிடுவான். பார்வைக்கு மிக அழகாக இருக்கும். ஆனால் விதியோ, நான்கும் ஐந்தும் ஒரு ஜோடி, அதைச் சுற்றி மூன்றும் ஆறும் ஒரு ஜோடி என்று சொல்கிறது. நடு இரண்டு இடங்களும் பழைய டெலிபோனுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்ததன் மிச்சம் அது. இரு முனைகளிலும் ஒரே விதமாகத் தவறு செய்திருந்தால், கடைகளில் சொற்ப விலைக்குக் கிடைக்கும் டெஸ்டரில் எட்டு விளக்குகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் குறைவின்றி எரியும். எந்தக் கம்பியும் அறுந்திருக்காது, எதுவும் இடம் மாறியிருக்காது. ஆனால் ஒரு ஜோடியாக முறுக்கப்பட்ட இரண்டும் வெவ்வேறு சமிக்ஞைகளைச் சுமந்துகொண்டிருக்கும். கழிப்பதற்கு வேண்டிய துணை பக்கத்தில் இராது. இரைச்சல் முழுவதும் தங்கிவிடும்.

மலாக்கா ராயாவில் ஒரு வணிகக் கட்டடத்தில் இத்தகைய பரிசோதனை ஒன்றைக் கூட இருந்து பார்க்கும் சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்தது. ஏணி மேல் நின்றவர் ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். கித்தாவை அழித்துச் செம்பனை நட்டபின் அந்தத் தோட்டத்து லயன்களில் குடும்பங்கள் குறைந்துபோக, பட்டணத்துக்குக் குடிபெயர்ந்து, தொழிற்பயிற்சி நிலையமொன்றில் படித்து இந்த வேலைக்கு வந்தவர். விளக்குகள் வரிசையாக எரிவதைப் பார்த்துவிட்டு நான் கேட்டேன்:

"எட்டும் எரியுதே தம்பி, பிறகென்ன குறை?"

"எரியுது ஐயா. ஆனா ஜோடி பிரிஞ்சிருக்கு. ஒரு ஆள் உட்கார்ந்து மெயில் பார்த்தா ஒண்ணும் தெரியாது. காலையில எல்லாரும் வந்து ஒரே நேரத்துல திறந்தாத்தான் இழுக்கும்."

பிறகு அவர் பையிலிருந்து விலையுயர்ந்த வேறொரு கருவியை எடுத்தார். அது விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதில்லை. ஒரு ஜோடியின் பேச்சு அடுத்த ஜோடியில் எவ்வளவு கசிகிறது, அனுப்பியதில் எவ்வளவு வழியில் தேய்ந்தது, எவ்வளவு திரும்பி வந்தது என்பவற்றையெல்லாம் அலைவரிசை தோறும் அளந்து, விதிமுறைக்குள் அடங்குகிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்கிறது. கேபிள் ஆறாம் தரமென்றால் 250 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், அதற்கு மேற்பட்ட 6ஏ தரமென்றால் 500 வரையிலும் அந்தச் சோதனை நீளும். பிழை இருந்தால் அது இருக்கும் தூரத்தையும் மீட்டர் கணக்கில் காட்டிவிடும்.

விதிமுறைகளைப் பற்றிச் சொல்லும்போது ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். 90 மீட்டர் என்ற கணக்கு 20 டிகிரி வெப்பத்தை ஆதாரமாக வைத்துப் போட்டது. செம்பு சூடாகும்போது சமிக்ஞை அதிகம் தேய்கிறது. 20லிருந்து 40 டிகிரி வரை ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றில் 0.4 பங்கு வீதம் தேய்வு கூடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மலாக்காவில் மதியம் இரண்டு மணிக்குத் துத்தநாகக் கூரைக்கும் சீலிங்குக்கும் இடையே கையை நீட்டிப் பார்த்தவர்களுக்கு, 40 டிகிரி என்பது அங்கே அதிசயமன்று என்று தெரியும். ஆக, சீதள தேசத்து அறையில் 90 மீட்டர் ஓடக்கூடிய கேபிளுக்கு இங்கே ஐந்தாறு மீட்டரைக் குறைத்துத்தான் கணக்கிட வேண்டும். வரைபடம் போட்டவர் குறைப்பதில்லை. போதாக்குறைக்கு, இப்போது அதே செம்பின் வழியே மின்சாரமும் போகிறது. கண்காணிப்புக் கேமராவுக்கும் வைஃபை பெட்டிக்கும் தனி மின்கம்பி இழுக்க வேண்டியதில்லை என்று 2003ல் சுமார் 15 வாட்டில் தொடங்கிய ஏற்பாடு, 2018ல் வந்த விதியின்படி 90 வாட் வரை வளர்ந்துவிட்டது. நூறு கேபிள்களைச் சேர்த்து இறுக்கிக் கட்டிய கட்டில் நடுவே கிடப்பது தன் சூட்டையும் சுற்றியுள்ளவற்றின் சூட்டையும் சேர்த்துத் தாங்குகிறது.

அந்தக் கட்டை அவிழ்த்துத் தளர்த்திவிடுவதுதான் பராமரிப்பின் முதல் காரியங்களுள் ஒன்று. இறுக்கிய பிளாஸ்டிக் பட்டை, உள்ளேயிருக்கும் முறுக்கை நசுக்கிவிடும். கேபிளின் தடிப்பைப் போல் நான்கு மடங்குக்குக் குறைவான ஆரத்தில் அதை வளைக்கலாகாது. பதினொரு கிலோ எடைக்கு மேற்பட்ட பலத்தில் இழுக்கலாகாது. விளக்குச் சட்டத்தின் மேல் கிடத்தலாகாது, நேராகச் சீலிங் பலகையின் மேலும் போடலாகாது. இவை எல்லாம் ஏட்டில் இருக்கின்றன. கண்ணில் படுவதோ வேறு: குளிர்சாதனம் பொருத்த வந்தவன் கேபிள்களை ஒதுக்கிக் குழாயில் கட்டிவிட்டுப் போயிருப்பான், எலி ஒன்று மேலுறையைச் சுவைத்துப் பார்த்திருக்கும், இடி விழுந்த ஒரு மாலைக்குப் பிறகு பக்கத்துக் கட்டடத்துக்குப் போகும் செம்பின் இரு முனையிலும் பெட்டிகள் கருகியிருக்கும். கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் இடையே கண்ணாடி இழைதான் போட வேண்டும், அதில் மின்னல் ஓடாது என்பதை இந்த இடிமழை நாட்டில் யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனாலும் மலிவைக் கருதிச் செம்பையே இழுக்கிறார்கள்.

மலிவு என்றதும் நினைவுக்கு வருவது அலுமினியம். முழுச் செம்பு என்று விற்கப்படும் சில கேபிள்களில் அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் மட்டும் பூசியிருப்பார்கள். எந்த விதிமுறையும் அதை ஏற்பதில்லை. தடை அதிகம், சூடு அதிகம், இரண்டு முறை வளைத்தால் ஒடிந்துபோகும். பழகிய கைக்குப் பெட்டியைத் தூக்கியதும் கனத்திலேயே தெரிந்துவிடும்; சந்தேகமிருந்தால் கத்தி முனையால் கம்பியின் மேல்தோலைச் சுரண்டுவார்கள், செம்பின் அடியில் வெள்ளை தெரியும். அந்தத் தம்பி அப்படிச் சுரண்டிக் காட்டியபோது நான் பார்த்தது கம்பியை அல்ல, அவர் கத்தி பிடித்த விதத்தை. கட்டைவிரலைப் பின்னால் அணைத்து, எவ்வளவு ஆழம் போகலாம் என்று விரல் நுனியே முடிவு செய்கிற அந்தப் பிடி எனக்குத் தெரியும். அவருடைய தாயார் இருபது வருஷத்துக்கு மேல் பால் மரம் சீவியவர்.

கேபிளுக்கும் மரப்பாலுக்கும் இந்தப் பிரதேசத்தில் உள்ள தொடர்பு மிகப் பழையது. இனி அதற்கு வரலாம். 1840களில் சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த வில்லியம் மான்ட்கோமரி, மலாய்க்காரர்களின் பாராங் கத்திப் பிடிகள் ஒருவகை மரப்பாலில் செய்யப்பட்டிருப்பதைக் கண்டு, அதன் மாதிரியை லண்டனுக்கு அனுப்பினார். வெந்நீரில் இளகி, ஆறினால் இறுகி, கடல் நீரில் கெடாமல், மின்சாரத்தையும் கடத்தாமலிருக்கும் கட்டா பெர்ச்சா என்னும் அந்தப் பாலைச் செம்புக் கம்பியின் மேல் தடையில்லாமல் பூசும் யந்திரத்தை 1847ல் வெர்னர் சீமென்ஸ் அமைத்தார். 1851ல் இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையே கடலடித் தந்தி ஓடியது. 1871க்குள் சென்னை, பினாங்கு, சிங்கப்பூர் மூன்றும் அப்படியே இணைந்துவிட்டன. அந்த மரத்தைக் கித்தாவைப் போல் சீவிப் பால் எடுக்க முடியாது. பால் சீக்கிரம் உறைந்துவிடும். ஆகவே மரத்தையே வெட்டிச் சாய்த்து, பட்டையில் வளையம் வளையமாகக் கீறி, வழியும் சொற்பத்தைச் சேர்த்தார்கள். 1858ஆம் ஆண்டு அட்லாண்டிக் கேபிள் ஒன்றுக்கு மட்டும் இருநூறு டன்னுக்கு மேல் கட்டா பெர்ச்சா போயிற்று. அதற்காக விழுந்த மரங்களை யாரும் எண்ணி வைக்கவில்லை. ஆனால் சில பத்தாண்டுகளுக்குள் தீபகற்பத்தின் எட்டக்கூடிய காடுகளில் அந்த மரம் அரிதாகிவிட்டது.

அந்த அட்லாண்டிக் கேபிளின் கதையில் நமக்கு வேண்டிய விஷயம் வேறொன்று இருக்கிறது. 1858 ஆகஸ்டில் பெருங்கோலாகலத்துடன் தொடங்கிய அது, சில வாரங்களில் ஊமையாகிவிட்டது. மெல்லிய மின்னோட்டத்தைக் கண்ணாடியில் தெறிக்கும் ஒளிப்புள்ளியால் உணரும் கருவியை விஞ்ஞானி வில்லியம் தாம்சன் ஆக்கி வைத்திருந்தும், நிறுவனத்தின் மின்வல்லுநராயிருந்த வைட்ஹவுஸ் அதை மதியாமல், செய்தி தெளிவாக வரவில்லையென்றால் இன்னும் பலமாக அனுப்புவோம் என்று சுமார் 2,000 வோல்ட்டைச் செலுத்தினார். ஏற்கெனவே பலவீனமாயிருந்த காப்புறை தாங்கவில்லை. அதன்பின் அமைந்த விசாரணைக் குழுவின் அறிக்கை 1861ல் வந்தது. கேபிளைச் செய்யும்போதும், கப்பலில் ஏற்றும்போதும், கடலில் இறக்கும்போதும், இறக்கிய பின்னும் இடைவிடாமல் அளந்துகொண்டிருக்க வேண்டும் என்னும் சாஸ்திரம் அந்தத் தோல்வியிலிருந்துதான் பிறந்தது. கேட்காத காதுக்கு உரக்கக் கத்துவதைவிட, காதைக் கூர்மையாக்குவது மேல் என்பதை அந்தத் தொழில் மிகுந்த பொருட்செலவில் கற்றுக்கொண்டது. கட்டா பெர்ச்சாவின் இடத்தை 1933ல் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்ட பாலித்தீன் பின்னாளில் எடுத்துக்கொண்டது. மலாக்கா ராயாவின் சீலிங்குக்குள் அந்த எட்டுக் கம்பிகளின் மேலும் வர்ணம் வர்ணமாகப் பூசியிருப்பது அதுவே.

காட்டு மரம் அழிந்துகொண்டிருந்த காலத்தில்தான் தோட்ட மரம் வந்தது. 1896ல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் என்னும் சீனர் கித்தா நட்டார். மலாயாவில் வியாபார நோக்கத்தோடு நடப்பட்ட முதல் கித்தாத் தோட்டம் அது. அடுத்து புக்கிட் அசஹானில் மிகப் பெரிய அளவில் நட்டார். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் ரிட்லி என்பவர், மரத்தைக் கொல்லாமல் திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் முறையை அந்தப் பத்தாண்டில்தான் தெளிவுபடுத்தியிருந்தார். மரத்தை வெட்டிப் பால் எடுப்பதற்கும், மரத்தைக் காத்துப் பால் எடுப்பதற்கும் இடையேயுள்ள தூரம் ஒரு கத்தி விளிம்பின் தூரம். பால் ஓடும் குழல்கள் உள்பட்டையில், வளர்திசுவை ஒட்டிக் கிடக்கின்றன. அந்தத் திசுவுக்கு மேல் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைத்து நிறுத்த வேண்டும். மேலே நிறுத்தினால் பால் குறையும், கீழே போனால் மரம் காயப்படும். காயப்பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். ஏழெட்டு வருஷம் கழித்து அதே இடத்துக்குத் திரும்பி வரும் கத்திக்கு வழி இராது. விடியுமுன் பெரட்டுக்குப் போய், நானூறு ஐந்நூறு மரங்களை நிரை நிரையாகத் தொட்டு, ஒவ்வொன்றிலும் ஒன்றரை மில்லிமீட்டர் தடிப்புக்குச் சீவி, மங்கைத் துடைத்து வைத்து, அடுத்த மரத்துக்கு நகரும் அந்தப் பெண்கள் செய்தது உற்பத்தி என்றே கணக்கில் எழுதப்பட்டது. அது பரிசோதனையும் பராமரிப்புமாகும் என்று நான் சொல்வேன். எந்த மரம் வறண்டுவருகிறது, எதில் பூஞ்சணம் பற்றுகிறது, எதற்கு ஓய்வு வேண்டும் என்பதைத் தோட்டத்தில் முதலில் அறிந்தது அவர்கள் விரல். ஒரு மரம் 25, 30 வருஷம் பால் தந்ததென்றால் அந்த விரல்களின் நிதானத்தால்தான் தந்தது. துரையின் அறிக்கையில் அந்த அறிவுக்கென்று தனிப் பத்தி கிடையாது.

இப்படிச் சொல்லும்போது, பரிசோதனை என்ற காரியத்தைப் பற்றித் தோட்டத்துத் தமிழருக்கு வேறொரு ஞாபகமும் உண்டு என்பதை மறைக்கக்கூடாது. கங்காணியும் கிராணியும் மரத்துக்கு மரம் வந்து, காயத்தை எண்ணி, பட்டை அதிகம் போயிற்றென்று அதட்டி, கூலியில் கைவைத்த கதைகள் இல்லாத குடும்பம் மலாக்காத் தோட்டங்களில் அரிது. அங்கே பார்வையிடுதல் என்றால் மரத்தைப் பார்ப்பதல்ல, ஆளைப் பிடிப்பது. அந்தப் பழக்கம் மாடிக் கட்டடங்களுக்கும் குடியேறிவிட்டது. பழுது என்றதும் நிர்வாகி கேட்கும் முதல் கேள்வி "யார் போட்டது?" என்பதே. கருவி அதற்கு விடை சொல்வதில்லை. 37 மீட்டரில் என்று இடத்தைத்தான் சொல்கிறது. அந்த அலட்சியம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆளை விட்டுவிட்டு இடத்துக்குப் போகும் பரிசோதனையே பழுதைத் தீர்க்கும். முன்பு வேலை செய்தவன் எந்த அவசரத்தில், எவ்வளவு குறைந்த கூலிக்கு, எந்த மாதிரிக் கேபிளைக் கையில் கொடுத்து ஏவப்பட்டான் என்பதும், அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தவனுக்கே விளங்கும்.

கூலி என்றால் இந்தத் தொழிலின் அளவுகோல் பாயிண்ட். ஒரு மேசைக்கு ஒரு பாயிண்ட், ஒரு கேமராவுக்கு ஒரு பாயிண்ட். ஒன்றுக்கு இத்தனை வெள்ளி என்று பேசி, தலைமைக் குத்தகையாளரிடமிருந்து துணைக் குத்தகையாளருக்கும் அவரிடமிருந்து இன்னொருவருக்கும் வேலை இறங்குகிறது. இறங்க இறங்க வெள்ளியும் இறங்குகிறது. முன்பு தந்தி, டெலிபோன் இலாகாவில் யாழ்ப்பாணத்துத் தமிழர் எழுதுமேசையிலும் தமிழகத்துத் தமிழர் கம்பத்தின் மேலுமாக மாதச் சம்பளத்துக்கு வேலை செய்த காலத்தில், ஒரு லைனைப் போட்டவரே அதைப் பல வருஷம் பார்த்துக்கொண்டும் இருந்தார். அவர் வழக்கமாக நடந்து போகும் பாதையே பராமரிப்பாயிருந்தது. 1987 ஜனவரி 1ஆம் தேதி அந்த இலாகா கம்பெனியாக மாறியது. கட்டடங்களுக்கு உள்ளே ஓடும் இந்தக் கேபிள்களையோ அந்த முறை எட்டிப் பார்த்ததும் இல்லை. போட்டவன் போனபின், பார்ப்பவன் எவனுமில்லை. கெட்டால் மட்டும் ஒருவன் வருகிறான். பாயிண்ட் கணக்கில், போடுவதற்குக் காசு உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சீலிங் பலகையைத் தூக்கிப் பார்த்து, கட்டைத் தளர்த்தி, கண்ணாடி இழையின் முனையைத் துடைத்து, அளந்து எழுதி வைப்பதற்கு அந்தக் கணக்கில் இடமில்லை. இழையின் நடுப்பகுதி, ஒளி செல்லும் பகுதி, ஒன்பது மைக்ரான் அகலம். ஒரு தூசி போதும் அதை மறைக்க. துடைக்க ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷத்தை எந்தப் பத்திரத்தில் எழுதுவது?

பார்ப்பாரில்லாமல் போன பாதைக்கு மலாக்காவில் ஒரு பெரிய சாட்சியம் உண்டு. தம்பினிலிருந்து மலாக்கா நகருக்கு வந்துகொண்டிருந்த ரயில் பாதையை இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஜப்பானியர் பிடுங்கி, சயாம் மரண ரயிலுக்குக் கொண்டுபோனார்கள். தண்டவாளத்தோடு தோட்டத்துத் தமிழர்களையும் கொண்டுபோனார்கள். அங்கே மாண்டவர்கள் திரும்பவில்லை; யுத்தம் முடிந்து இத்தனை காலமாகியும் பாதையும் திரும்பவில்லை. இன்றும் மலாக்காவுக்கு ரயிலில் வருகிறவர் புலாவ் செபாங்கில் இறங்கித்தான் வர வேண்டும். அது பகைவர் செய்தது, இது நம் அசட்டை, இரண்டையும் ஒன்றாக்கக்கூடாது என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். நியாயம்தான். ஆனால் பிடுங்கியது ஒரு தரப்பு, திரும்பப் போடாதது இன்னொரு தரப்பு என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

பழைய நகரத்தின் கதை தனி. 2008 ஜூலை 7ஆம் தேதி உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஜார்ஜ் டவுனுடன் மலாக்காவும் சேர்ந்தபின், 1781ல் எழுந்த பொய்யாத விநாயகர் கோவில் இருக்கும் ஜாலான் துக்காங் எமாஸ் முதலிய தெருக்களில் சுவரை விருப்பம்போல் குடைய முடியாது. கடைவீடுகளின் முகப்பு குறுகல், உட்பக்கம் நெடுகப் போகும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி விடும், நடுவே வானம் பார்த்த முற்றத்தில் மழை நேராக விழும். விடுதியாகவும் காப்பிக்கடையாகவும் மாறிய அந்த வீடுகளில் கேபிளைச் சுவருக்குள் புதைக்காமல், மர உத்தரத்தின் ஓரமாக, எப்போது வேண்டுமானாலும் எடுக்கும்படி ஓட்டுகிறார்கள். கட்டாயத்தால் வந்த இந்த முறை, புதுக் கட்டடங்களின் முறையைவிட உத்தமமானது என்பது என் அபிப்பிராயம். வெளியே தெரிவதை யாராவது பார்ப்பார்கள். அழகுக்கு இடைஞ்சல் என்று அதைத் திட்டவாவது செய்வார்கள்.

புதுக் கட்டடத்தில் திட்டுவதற்கும் தெரிய வேண்டுமே. ஆகவே அங்கே எழுத்துதான் கண். ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் ஒரே அடையாளம் இருக்க வேண்டும்; எந்த மாடி, எந்த ரேக், எந்த இடம் என்பது அதிலிருந்து தெரிய வேண்டும்; அதற்கு ஒரு பதிவேடு இருக்க வேண்டும். மலாக்காவின் ஈரத்தில் ஒட்டிய சீட்டுகள் இரண்டு மூன்று வருஷத்தில் உதிர்ந்துவிடுகின்றன, மை வெளுத்துவிடுகிறது. அந்தத் தம்பி சீட்டை ஒட்டியபின், அழியாத பேனாவால் மேலுறையின் மீதும் எழுதுகிறார்; மாடி வரைபடத்தை நெகிழிப் பையிலிட்டு ரேக் கதவின் உட்பக்கம் ஒட்டுகிறார்; பரிசோதித்த தேதியை அதன் ஓரத்தில் குறிக்கிறார். சாயம் அடிக்க வருபவர்களோ, இடம் மாற்றி அமைக்க வருபவர்களோ அதைக் கிழித்துவிடுவதும் உண்டு. அப்போது ஒரு முனையில் ஒலி எழுப்பும் கருவியை மாட்டி, மறு முனையில் நூறு கேபிள்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டு, எது எதனுடையது என்று முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும்.

"அதுக்கு எவ்வளவு நேரம் ஆகும் தம்பி?"

"நாலு மாடின்னா ரெண்டு நாள் ஐயா. பில்லுல எப்படிப் போடறதுன்னுதான் தெரியாது. புதுசா ஒரு பாயிண்ட்டும் வரலையே."

நிர்வாகத்தின் விலைப்புள்ளிப் படிவங்களில் இன்னும் பாயிண்டுக்கு மட்டுமே கட்டம் இருக்கிறது. அந்த இரண்டு நாளை அவர் "இதர செலவு" என்ற கடைசி வரியில் எழுதுகிறார். அநேகமாக அந்த வரியைத்தான் பேரம் பேசும்போது முதலில் அடிக்கிறார்கள்.